காவலுக்கு ஒரு பூனை

பூச்சிக்காரர் படுக்கையில் விழுந்த செய்தி கேட்டு ஊர்க் கரப்பான்களெல்லாம் கைதட்டியிருக்கும் என்று கீழ்வீட்டுத் தையற்காரர் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். மாடிப்படியில் நின்றிருந்த நாலு பேரில் ஒருவர்கூட, சே, இது என்ன பேச்சு என்று கேட்கவில்லை. அப்படி ஒரு நல்ல பெயரைச் சம்பாதித்து வைத்திருந்தார் மனிதர்.

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் முதுகில் டேங்க் சுமந்தவர். மூக்கு மேல் கோபம். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறந்த அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, இதுக்குள்ள மனுஷங்களும் குடியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அந்த அம்மாள் முகம் செத்துப்போகும். ஆனாலும் அடுத்த தடவையும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏனென்றால் வேலை சுத்தம். அவர் கை பட்ட வீட்டில் ஆறு மாதத்துக்கு எதுவும் ஊராது. அவரோடு சேர்ந்து வேலை பார்க்கப் போன ஆட்கள்தான் ஒரு மாதம் தாண்டி நிலைத்ததில்லை.

அதிலும் தெள்ளுப்பூச்சி என்றால் கம்பெனியில் அவரை விட்டால் ஆள் கிடையாது. தெள்ளு மற்றப் பூச்சிகள் மாதிரி இல்லை. பூனை மேல் ஏறி ரத்தம் குடிக்கும்; முட்டையை மட்டும் தரையில் உதிர்க்கும். முட்டை பலகை இடுக்கில் விழுந்து புழுவாகும். புழு தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்துக் கிடக்கும். பலகை அதிர வேண்டும், பக்கத்தில் உடம்புச் சூடு தெரிய வேண்டும், மூச்சுக்காற்று பட வேண்டும். அப்போதுதான் வெளியே குதிக்கும். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் முதலில் காலை வைக்கிறவன் தொலைந்தான்.

அதற்காகவே அவர் வெள்ளைச் சாக்ஸ் வைத்திருந்தார். முழங்கால் வரை இழுத்து மாட்டிக்கொண்டு, அறை அறையாகத் தொம் தொம்மென்று மிதித்து நடப்பார். பிறகு ஜன்னல் ஓரம் நின்று குனிந்து பார்ப்பார். வெள்ளையில் கறுப்புப் புள்ளி எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்த அறையின் யோக்கியதை தெரிந்துவிடும். இது கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த முறைதான்.

அடுத்தது அவருடைய சொந்த வித்தை. அதற்குக் காவல் வைப்பது என்று பெயர். கம்பெனி மேனேஜருக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்திருப்பார். அதனால் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பூச்சி அதிகமுள்ள அறைக்குள் ஒரு பூனையை விட வேண்டும். பூனை சொறிந்து பூச்சியை உதறிவிடாதபடி நாலு பாதத்தையும் துணியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு நாள் கதவைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு சூட்டையும் ஒரு மூச்சையும் நம்பி இடுக்கில் இருப்பதெல்லாம் கிளம்பி வந்து பூனை மேல் ஏறிக்கொள்ளும். மூன்றாம் நாள் போய்ப் பூனையைக் கழுத்தோடு தூக்கி, தரைக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்த வாளியில் ஒரே முக்கு. அறை சுத்தம். வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பூனை, இல்லையென்றால் தெருப்பூனை. பத்துப் பூனையில் நாலு பிழைக்காது.

"ஐயா, பாவம், கத்துதே" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

"கத்தினா கத்தட்டும். ஒண்ணும் ஆகாது. கதவைச் சாத்துங்க."

ஒண்ணும் ஆகாது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைச் சொல்லியிருப்பார். கண்ணெரிகிற குழந்தைக்கு, இருமுகிற கிழவருக்கு, மருந்து படிந்த தலையணைக்கு, எல்லாவற்றுக்கும் அதே பதில்.

வீட்டிலும் அவர் தனி ராஜாங்கம்தான். மனைவி தொடக்கத்தில் ஆசையாக ஏதாவது கேட்பாள். மருந்தடித்த பிறகும் பதினைந்து நாள் கழித்துப் பூச்சி வருகிறதே, அது எப்படி என்று ஒருநாள் கேட்டாள். "உனக்கு எதுக்கு அது? தட்டை வை" என்றார். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் சாக்ஸைத் துவைத்தது யார்? அவள்தானே. முப்பத்தோரு வருஷம் சோப்புத் தண்ணீரில் மிதக்கிற கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தே எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் பூனை, எந்த வீடு பூட்டிக் கிடந்தது, எங்கே இரண்டாம் தடவை போனார் என்று எல்லாம் கற்றுக்கொண்டாள். அவருக்கு அது தெரியாது. அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை.

ஒரே மகள். எட்டு வயதில் அவள் ஒரு குட்டைவால் பூனையை வளர்த்தாள். பூனை என்றால் சாதாரணப் பூனை இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் போய் உட்கார்ந்து காத்திருக்கிற பூனை. ஒரு வாரம் பெரிய வீடு ஒன்றில் அவருக்கு அவசர வேலை வந்தது. தெருவெல்லாம் தேடியும் பூனை சிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குட்டைவாலைப் பையில் போட்டார்.

"ஏங்க, அது புள்ள வளக்கிறதுங்க" என்றாள் மனைவி.

"பூனைதானே" என்றார் அவர்.

மகள் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் அன்றைக்கு நல்ல மூடில் இருந்தார் போல, கன்னத்தைத் தட்டி, "ஒண்ணும் ஆகாது. ரெண்டே நாள். மூணாம் நாள் நீயும் வா, நீயே கூட்டிட்டு வரலாம்" என்றார். குழந்தை நம்பிவிட்டது. மூன்றாம் நாள் சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனார். துணி சுற்றிய பாதங்களோடு மூலையில் ஒண்டியிருந்ததையும் அவள் பார்த்தாள், வாளியில் முக்கியதையும் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மடியில் அது நடுங்கியது. நுரை தள்ளியது. வீட்டு நிறுத்தம் வருவதற்கு மூன்று நிறுத்தம் முன்னால் நடுக்கம் நின்றுவிட்டது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மகள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

இப்படிப்பட்டவர்தான் ஐம்பத்தெட்டாவது வயதில் யாரோ வீட்டுச் சமையலறையில் டேங்கோடு சரிந்தார். வலது பக்கம் மொத்தமும் போயிற்று. பேச்சும் போயிற்று. டாக்டர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு எடுத்துச் சொன்னார்.

"புத்திக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் புரியும். பேச்சுதான் வராது. சில பேருக்கு ஏதாவது ஒரு சொல் மட்டும் நாக்குல ஒட்டிக்கிட்டு நின்னுடும். என்ன சொல்ல நெனச்சாலும் அதுதான் வரும். அதை வெச்சு அவரைத் தப்பா எடுத்துக்காதீங்க."

அவருக்கு ஒட்டிக்கொண்டு நின்றது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று தையற்காரர் வந்து கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது."

"சபாஷ், இந்தத் தைரியம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் பூச்சிக்காரர் சொல்ல வந்தது, காலடியில் இருக்கிற போர்வையை எடுத்துப் போடு என்று. மனைவி ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். அழுத்திச் சொன்னால் ஒன்றுக்கு. கடைசியில் இழுத்தால் தண்ணீர். அடுக்கடுக்காகச் சொன்னால் புரண்டு படுக்க வேண்டும். அவர் எதை நினைத்து அதைச் சொல்கிறார் என்று அவளுக்குக் கச்சிதமாகத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு இரண்டாம் மாடி. பழைய கட்டடம், பலகைத் தரை, லிஃப்ட் கிடையாது. பின் அறையில் இரும்புக் கட்டில் போட்டு அவரைக் கிடத்தினார்கள். திருப்பிப் போடவும் துடைக்கவும் தவிர யாரும் அவரைத் தொடுவதில்லை. தொடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு பூனைக்குத் தோன்றியது. குழாயைப் பிடித்து ஏறி ஜன்னல் வழியாக வந்தது. மங்கிய ஆரஞ்சு நிறம், ஒரு காது பாதி இல்லை. முதல் நாள் அவருடைய செத்த காலின் மேல் படுத்தது. அந்தக் காலில் உணர்வே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் அது படுத்திருப்பதைத் தெரிந்துகொண்டார். தள்ளவும் முடியவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் ஒண்ணும் ஆகாது என்று வந்தது. பூனையும் அப்படியே எடுத்துக்கொண்டது போல. மறுநாள் இடம் மாறி இடது விலாவில் ஒட்டிப் படுத்தது. அங்கே உணர்வு உண்டு. அதன் சூடு தெரிந்தது, குறுகுறுவென்று அது எழுப்புகிற சத்தம் எலும்பு வரைக்கும் இறங்கியது. பத்து நாளில் மனிதர் ஜன்னலைப் பார்த்துக் கிடக்க ஆரம்பித்துவிட்டார். பாலில் நனைத்த ரொட்டியில் ஒரு துண்டை இடது கைக்குள் ஒளித்துவைப்பார். சாயங்காலம் அது வந்து விரல் விரலாக நக்கும்.

மனைவி பார்த்தாள்.

அதன் மேல் தெள்ளு இருப்பது அவருக்கு முதல் நாளே தெரியும். விரிப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்திருந்தது. இடது கட்டைவிரலை எச்சிலில் நனைத்து ஒரு துகளைத் தேய்த்தார், சிவப்பாகக் கரைந்தது. குடித்த ரத்தத்தின் கழிவு அது. என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பூனைக்கென்று இருக்கிற சொட்டு மருந்தைப் பிடரியில் விட வேண்டும். விரிப்பை வெந்நீரில் போட வேண்டும். இடுக்கையெல்லாம் மூன்று வாரம் தினமும் பெருக்கித் துடைக்க வேண்டும். பூனையை மட்டும் எங்கேயும் அனுப்பக் கூடாது. மருந்து விட்ட பூனை மேல் ஏறி ஏறித்தான் மிச்சப் பூச்சி சாகும். இவ்வளவுதான் சமாச்சாரம். இந்தச் சின்ன விஷயத்தை முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காவல் வைக்கிற வித்தைக்கு என்ன மரியாதை?

அந்தச் சமயம் மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. திரும்பி வர மூன்று மாதம் ஆகும். அப்பா இருக்கிற அறைப் பக்கம் அவள் வருவதில்லை. வந்தாலும் வாசற்படியோடு சரி. ஒரு வாரம் போனது. குழந்தையின் தொடையில் மூன்று மூன்றாகச் சிவப்புத் தடிப்பு எழும்பியது. கொசுக்கடி வரிசையாக இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? யார் வீட்டுப் பெண்.

"அம்மா, அந்தப் பூனை போகணும்."

அடுத்த அறையில் பேசினாலும் அவருக்குக் கேட்டது. கத்த ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது." மனைவி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணையும் பார்த்தாள், பூனைக் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள்.

"வேணாங்கிறாரு" என்றாள் மகளிடம்.

"யாரு? இவரா? பூனைக்குப் பரிஞ்சு பேசறாரா?" மகள் சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு அது. "ரொம்ப நல்லா இருக்கும்மா. நீ பையை எடு."

மனைவி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்தாவது விரலுக்குக் கொஞ்சம் பலம் போட வேண்டியிருந்தது. பூனையைப் பையில் போட்டு, நாலு நிறுத்தம் தள்ளியிருக்கிற மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டாள். வந்து கையைக் கழுவிக்கொண்டு, ஜன்னலையும் சாத்தினாள்.

மூன்று நாளில் வீடு ரணகளமாயிற்று. பூனை இருந்தவரைக்கும் பூச்சியில் முக்கால்வாசி பூனையோடு நின்றது. பூனை போனதும் பசி மனிதர் மேல் திரும்பியது. குழந்தை அலறியது. மகளின் கணுக்கால் வீங்கியது. மனைவி நடந்தால் புடவை ஓரத்தில் கறுப்பாகத் துள்ளியது. கம்பெனியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் முகமூடியைக் கழற்றாமலே பேசினான்.

"ஆறு மணி நேரம் வீட்ல ஆள் இருக்கக் கூடாதுங்க. இவரைக் கீழே இறக்கிடுங்க, அடிச்சிடறேன்."

இறக்குவதா? ஆஸ்பத்திரிக்குப் போகவே நாலு பேர் தேவைப்பட்ட உடம்பு. டாக்டரைக் கேட்டால், நெஞ்சு இருக்கிற இருப்புக்கு மருந்துக் காற்றே படக் கூடாது, அசைக்கவும் வேண்டாம் என்றுவிட்டார். கம்பெனி ஆள் கையை விரித்துவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் மனைவி அவர் கட்டிலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமானதிலிருந்து அப்படி அவருக்கு நேரெதிரே அவள் உட்கார்ந்ததே இல்லை.

"பூனை போனா பூச்சி போயிடும்னு நெனச்சோம். இப்ப எங்க மேல ஏறுது. இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தீங்களா?"

"ஒண்ணும் ஆகாது" என்றார். ஆமாம், ஆமாம், அதைத்தான், பூனையைத் திருப்பிக் கொண்டுவா, சொட்டு மருந்து வாங்கி விடு, எல்லாம் சரியாகிவிடும்.

"புரியுது" என்றாள் அவள். "முப்பது வருஷம் வாய் இருந்துச்சு. அப்ப சொல்லல."

எழுந்து போனாள். அடுத்த இரண்டு நாளும் அவள் செய்த வேலை இருக்கிறதே, கம்பெனியில் நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. முன் அறையிலும் சமையலறையிலும் இருந்த துணியெல்லாம் கொதிநீரில் போட்டாள். பாயை எரித்தாள். கத்தி முனையில் துணி சுற்றிப் பலகை இடுக்கை ஒவ்வொன்றாகச் சுரண்டி, சோப்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். அவர் அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். சுரண்டல், தண்ணீர், துடைப்பம். ஒன்றுக்குப் பின் ஒன்று, வரிசை தப்பவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்று முதலில் திகைத்தார். அப்புறம் பயம் வந்தது. இந்த அறைக்கு மட்டும் அவள் துடைப்பத்தோடு வரவில்லை.

மகளையும் குழந்தையையும் அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு அலமாரி மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். அதற்குள் அவருடைய வெள்ளைச் சாக்ஸ், துவைத்து மடித்தபடி, ஆறு ஜோடி.

வலது காலில் ஒன்றை மாட்டினாள். அது அவருக்குத் தெரியவில்லை. இடது காலில் மாட்டியபோது தெரிந்தது. நிதானமாக, முழங்கால் வரை, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி.

"ஒண்ணும் ஆகாது" என்றார். வேண்டாம் என்றார். அவளுக்குத் தெரியாதா என்ன.

"ஆமாங்க. ஒண்ணும் ஆகாது. ரெண்டே நாள். நீங்க ஒருத்தர்தான் இங்க சூடா இருக்கணும். மத்த ரெண்டு ரூமும் சுத்தம், அங்க ஆளும் கிடையாது. நானும் தையற்காரர் வீட்டுத் திண்ணையிலதான் படுத்துக்கப் போறேன். வேளாவேளைக்கு வந்து கஞ்சி கொடுப்பேன், துணி மாத்துவேன். பூனைக்கு நீங்க அதுகூடச் செய்யல."

பிறகு இடது கையை எடுத்தாள். விரல்களைச் சேர்த்து, அதன் மேலும் ஒரு சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டினாள். இறுக்கமாக இல்லை, விரல் போகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் கட்டினாள்.

"சொறிஞ்சீங்கன்னா புண்ணாயிடும். சர்க்கரை இருக்கிற உடம்பு, ஆறாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

பேச்சில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரே வந்து நின்றிருந்தாலும் தலையாட்டியிருப்பார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அறைக்கு நடுவில் நின்று, வெறுங்காலால் பலகையில் தொம் தொம்மென்று நாலு மிதி மிதித்தாள். பிறகு போய்விட்டாள்.

அடியில் என்ன நடக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும். கட்டிலுக்குக் கீழே ஒன்பது பலகை, எட்டு இடுக்கு. எட்டிலும் கூடு. மிதித்த அதிர்ச்சியில் பாதி விழித்திருக்கும். அது கிழித்துக்கொண்டு வர எவ்வளவு நேரம், கட்டில் காலைப் பிடித்து ஏற எவ்வளவு நேரம், விரிப்பின் தொங்கல் எந்தப் பக்கம் தரையைத் தொடுகிறது, எல்லாம் கணக்காகத் தெரியும். கால் மணியில் முதல் புள்ளி வந்தது. வலது கால் சாக்ஸில், கணுக்காலுக்கு மேல். அது கடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அவை அவரைத் தின்றதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்தில் ஒவ்வொன்றும் தெரிந்தது. இடுப்பு மடிப்பில், அக்குளில், கழுத்துச் சுருக்கத்தில், வரிசையாக மூன்று, மறுபடி மூன்று. சாக்ஸ் மாட்டிய கையால் தேய்த்தார். மழுமழுவென்று வழுக்கியது. நகம் இல்லாத கை எதற்கு உதவும்?

கத்தினார். தையற்காரர் கீழே மெஷினை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாரும்மா. மனுஷனுக்கு மனசு இரும்பு" என்று மனைவியிடமே சொன்னாராம். "ஆமாங்க" என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் படுக்கையில் அவர் தம் பாவங்களை எல்லாம் நினைத்துத் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, நடக்கவில்லை. முதல் நாள் முழுக்க அவருக்கு இருந்தது கோபம். இவளுக்கு இவ்வளவு துணிச்சலா என்கிற கோபம். கஞ்சி கொண்டுவந்தபோது வாயைத் திறக்கவில்லை. அவள் கரண்டியோடு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சாக்ஸைக் குனிந்து பார்த்து, "ம், வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் கோபத்துக்கும் தெம்பு இல்லை. உடம்பு முழுக்க ஒரே நெருப்பு. கண்ணை மூடினால் இமைமேல் ஊர்ந்தது. கஞ்சியைக் குடித்தார். அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார், சாக்ஸ் வழுக்கியது. மத்தியானத்தில் அவருக்கு அந்த ஆரஞ்சுப் பூனை வேண்டியிருந்தது. வாய்விட்டு அழுதார். விலாவில் அந்தச் சூடு வேண்டும், அந்தக் குறுகுறு சத்தம் வேண்டும் என்று அழுதார். அது வந்தால் இந்தப் பூச்சியில் பாதி அதன்மேல் போய்விடுமே என்றும் நினைத்தார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் நினைத்தார். சாத்திய ஜன்னலுக்கு வெளியே எதுவும் வந்து பிராண்டவில்லை.

குட்டைவால் நினைவுக்கு வந்ததா? வந்தது. மகளைப் பற்றித்தான் முக்கியமாக வந்தது. நாளைக்கு மகள் வருவாள். சின்ன வயதில் பையைப் பிடித்துக்கொண்டு விடாதவள். பூனைக்கே அப்படி அழுதவள் பெற்ற அப்பனைப் பார்த்தால் சும்மா இருப்பாளா? இந்த நாடாவை அவிழ்ப்பாள். அம்மாவைப் பிடித்து நாலு கேள்வி கேட்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டினார்.

மூன்றாம் நாள் காலை மனைவி பேசின் நிறையச் சோப்புத் தண்ணீரோடும் பேன்சீப்போடும் வந்தாள். வெளிச்சத்துக்குத் திரையை விலக்கினாள். சாக்ஸைச் சுருட்டிச் சுருட்டிக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தினாள். அவர் தலையை, புருவத்தை, நெஞ்சு முடியைச் சீப்பால் வாரி வாரிப் பேசினில் தட்டினாள். எண்ணிக்கொண்டே வந்தாள், உதடு மட்டும் அசைந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு முழுவதையும் துடைத்து, தடிப்புகளுக்குக் களிம்பு பூசி, புது விரிப்பு மாற்றினாள். அவ்வளவு பக்குவமாக அவள் அவரைத் தொட்டது எந்தக் காலத்திலும் இல்லை. கை நாடாவை மட்டும் அவிழ்க்கவில்லை.

"நூத்தி நாப்பத்தாறு" என்றாள். "ஒரே ஆளுக்கு நூத்தி நாப்பத்தாறு. எந்த வீட்டுக்குப் போயும் உங்க சாக்ஸ்ல இவ்வளவு வந்ததில்ல. நான்தானே துவைச்சேன், எனக்குத் தெரியும்."

வாசலில் நிழல் விழுந்தது. மகள், இடுப்பில் குழந்தையோடு. வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள். மணிக்கட்டில் நாடா கட்டி, வெள்ளைத் துணிக்குள் விரலில்லாமல் உருண்டையாகக் கிடந்த கையைப் பார்த்தாள். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வடிந்துபோனதை அவர் கண்ணால் கண்டார். புரிந்துகொண்டாள் என்று அவருக்கு உயிர் வந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"பாதிதான்டி. வெளிய வந்தது வந்துடுச்சு. கூட்டுக்குள்ள இன்னும் இருக்கும். பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை வைக்கணும். உங்கப்பாவும் எப்பவும் ரெண்டு தடவைதான் வைப்பாரு."

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். முடிந்த வரைக்கும் தூக்கினார். சாக்ஸ் மாட்டிய கையை மகள் பக்கம் நீட்டினார். இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, காப்பாத்து என்றார், விட்டுடாதே என்றார், அன்றைக்கு நான் செய்தது தப்புதான் என்றுகூடச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதையும் சொன்னார்.

"ஒண்ணும் ஆகாது" என்று கேட்டது மகளுக்கு.

அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்துச் சிணுங்கியது. அதன் தொடையில் பழைய தடிப்புகள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. அவள் அதைத் தடவிக்கொடுத்தாள்.

"எங்கிட்டயும் இதேதான் சொன்னீங்கப்பா" என்றாள். "நான் நம்பினேன்."

அம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து, பலகை அதிராதபடி மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.